திறந்த பெட்டியும் சைக்கிள் பம்பும்: பாடசாலையில் நற்பண்பு வளர்க்க நினைக்கும் புதிய ஆசிரியருக்கு

நான் முதலில் படிப்பித்த பாடசாலையில், மாடிப்படி ஏறும் சுவரில் 'காலம் பொன்னானது' என்று பச்சை நிறத்தில் எழுதியிருந்தது. அப்போது கொடிகாமத்திலிருந்து பஸ்ஸில் வருவேன். பஸ் பிந்தும் நாட்களில் ஏழே முக்காலுக்கு அந்தச் சுவரை உரசிக்கொண்டு மெல்ல ஏறுவேன். பிந்தி வந்த பொடியன் ஒருவனை நான் வெளியில் நிறுத்தியது அதற்கு முந்தின நாள்தான். ஆனாலும் தரம் 7 பிள்ளைகள் ஒன்றும் பேசாமல் எழுந்து 'வணக்கம் சேர்' என்பார்கள். அந்தச் சுவரெழுத்து அவர்களுக்கு எதைக் கற்பித்திருக்கும் என்று நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

இருபத்திரண்டு வருடம் போய்விட்டது. புதிதாக நியமனம் பெற்று வரும் தம்பி தங்கைமார் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "பாடத்தைப் படிப்பிச்சிடலாம் அண்ணை, பழக்கவழக்கத்தை எப்பிடிப் படிப்பிக்கிறது?" கோப்பாயில் ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களும் கேட்கிறார்கள், பல்கலைக்கழகப் பட்டத்தோடு நேரே வருகிறவர்களும் கேட்கிறார்கள். யாழ்ப்பாணத்தின் ஐந்து கல்வி வலயங்களில் எதில் போய் விழுந்தாலும் சரி, தரம் 6 முதல் 9 வரை ஒரு வகுப்புக்குப் பொறுப்பாக இருப்பவர் தன் கையால் செய்யக்கூடியதை மட்டும் எழுதுகிறேன். அதிபரின் வேலையும் அமைச்சின் வேலையும் அவர்களோடு இருக்கட்டும்.

முதல் இரண்டு கிழமை பார்ப்பது மட்டும்

வந்த கையோடு திட்டம் போடாதீர்கள். சின்னக் கொப்பி ஒன்றை வைத்துக்கொண்டு ஐந்து இடங்களைப் பாருங்கள்: தண்ணீர்க் குழாயடி, கன்ரீன் வரிசை, மலசலகூடம், சைக்கிள் நிறுத்துமிடம், ஆசிரியர் வராத பாடவேளையில் வகுப்பறை. காலைப் பிரார்த்தனையில் எல்லோரும் கைகூப்பித்தான் நிற்பார்கள், அங்கே ஒன்றும் பிடிபடாது. இடைவேளை மணி அடித்து மூன்றாம் நிமிடம் குழாயடியில் நில்லுங்கள். தரம் 11 அண்ணன்மார் நேரே வந்து கை கழுவிவிட்டுப் போக, தரம் 6 பிள்ளை சாப்பாட்டுப் பெட்டியோடு ஒதுங்கி நிற்கிறதா? ஒழுகும் குழாயை யாராவது இறுக்கிவிட்டுப் போகிறார்களா? எழுதிக்கொள்ளுங்கள். இப்போதைக்கு யாரையும் திருத்த வேண்டாம்.

அதே நாட்களில் உங்கள் வகுப்பில் யார் யாரோடு இருக்கிறார்கள் என்றும் கவனியுங்கள். எங்கள் ஊரில் பிள்ளை இருக்கும் வாங்கு என்பது சாதாரண விஷயமில்லை. 1920களின் கடைசியில், அரசு உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் கொடுக்க வேண்டும் என்று வந்தபோது, அதைப் பொறுக்காதவர்கள் பாடசாலைகளைக் கொளுத்தினார்கள். அதுவரை ஒரு பகுதிப் பிள்ளைகள் நிலத்தில் இருந்துதான் படித்தார்கள். 1924இல் தொடங்கிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ்காரர்கள் சம ஆசனத்துக்காகவும், எல்லோரும் ஒன்றாக இருந்து சாப்பிடும் சம போசனத்துக்காகவும் வாதாடினார்கள். இன்று யாரும் யாரையும் நிலத்தில் இருத்துவதில்லை. ஆனால் புதுப் பிள்ளையிடம் முழு வகுப்புக்கு முன்னால் "எந்தக் குறிச்சி?" என்று கேட்கும் ஆசிரியர்களை நான் கண்டிருக்கிறேன். கேட்பவருக்கு அது வெறும் விசாரிப்பு. அது சாதியைக் கேட்பது என்று பிள்ளைக்குத் தெரியும், பக்கத்தில் இருப்பவனுக்கும் தெரியும். விலாசம் வேண்டுமென்றால் இடாப்பில் இருக்கிறது. இருக்கையை இரண்டு கிழமைக்கு ஒருமுறை சீட்டுக் குலுக்கி மாற்றுங்கள். முதல் தடவை முணுமுணுப்பார்கள், மூன்றாம் தடவை சீட்டை அவர்களே வெட்டி வைத்திருப்பார்கள்.

தடியும் 'டா'வும்

பிரம்பு வேண்டாம். இதில் பேச்சுக்கே இடமில்லை. பாடசாலையில் உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கச் சுற்றறிக்கை சொல்கிறது. ஓர் ஆசிரியர் மாணவனின் காதில் அறைந்து கேட்கும் திறன் பாதிக்கப்பட்ட வழக்கில், 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அது, சித்திரவதையையும் கொடூரமாக நடத்துவதையும் தடுக்கும் அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையை மீறியது என்று தீர்ப்பளித்தது. அந்த ஆசிரியர் தன் சொந்தப் பணத்தில் 150,000 ரூபாயும் அரசு 500,000 ரூபாயும் கொடுக்க வேண்டியதாயிற்று. "எங்களுக்கும் அடிச்சவைதானே, நாங்கள் கெட்டா போனம்?" என்று ஓய்வறையில் ஒருவர் கட்டாயம் சொல்வார். வாதாடி நேரத்தை வீணாக்காமல் தேநீரைக் குடியுங்கள். பெற்றோரே வந்து, "நல்லா அடிச்சுப் படிப்பியுங்கோ சேர், கண்ணை மட்டும் விட்டுட்டு" என்பதும் நடக்கும். "அடிக்க மாட்டன் அம்மா, ஆனா விடவும் மாட்டன்" என்பது என் வழக்கமான பதில்.

பிரம்பை விடுவது சுலபம். வாயை விடுவதுதான் கஷ்டம். 'வாடா, போடா, எருமை' என்று பழகிய வாய் அது. யாழ்ப்பாணத் தமிழில் இதற்கு அருமையான ஒரு வழி இருக்கிறது: 'நீர்'. பெரியவர் சின்னவரிடம் நெருக்கமும் மரியாதையும் குறையாமல் பேச எங்களுக்குக் கிடைத்த சொல். "நீ ஏன்டா பிந்தினனி?" என்பதும் "நீர் ஏன் பிந்தினனீர்?" என்பதும் ஒரே கேள்விதான். இரண்டாவதற்குப் பிள்ளை நிமிர்ந்து பதில் சொல்லும். ஒரு தவணை முழுக்க வகுப்பில் எல்லோரையும் 'நீர்' என்றே கூப்பிட்டுப் பாருங்கள். பிள்ளைகள் தங்களுக்குள் பேசுவது உடனே மாறாது. உங்கள் முன்னால் பேசுவது மாறும், அது போதும் ஆரம்பத்துக்கு.

அப்புறம் நேரம். மணி அடிக்க ஐந்து நிமிடம் முன்பு வகுப்பு வாசலில் நில்லுங்கள். நான் பஸ்ஸை மாற்றி ஒரு மணி நேரம் முன்னதாக வரப் பழகியதற்குப் பிறகுதான் பிந்தி வருபவர்களிடம் பேசும் யோக்கியதை எனக்கு வந்தது. பஸ் பிந்தினால் உள்ளே போனதும் "இண்டைக்கு நான் பிந்திப் போனன், மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று சொல்லிவிடுங்கள். குடி முழுகிப் போகாது.

பத்தை விட்டுவிட்டு ஒன்றைப் பிடியுங்கள்

புது ஆசிரியர்கள் செய்யும் பெரிய பிழை, நேர்மை, பணிவு, ஈகை, பொறுமை என்று மாதத்துக்கொரு குணமாக அட்டவணை போடுவது. அட்டவணை அழகாக இருக்கும், வலயத்திலிருந்து மேற்பார்வைக்கு வருபவர் பாராட்டுவார், அதோடு சரி.

இதைச் சோதித்துப் பார்த்த கதை பழையது. 1920களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஹியூ ஹார்ட்ஷோர்ன், மார்க் மே என்ற இரு ஆய்வாளர்கள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பரீட்சைத்தாளிலும் விளையாட்டிலும் காசிலும் ஏமாற்றச் சந்தர்ப்பம் கொடுத்துக் கவனித்தார்கள். கணக்குத் தாளில் ஏமாற்றிய பிள்ளை விளையாட்டிலும் ஏமாற்றும் என்றில்லை, விளையாட்டில் ஏமாற்றியவன் காசைத் தொடுவான் என்றுமில்லை. நல்லது கெட்டது பற்றிக் கேட்டால் சரியாகப் பதில் சொன்னதற்கும் நடந்துகொண்டதற்கும் தொடர்பு மிகக் குறைவு. 2010இல் அந்த நாட்டுக் கல்வித் திணைக்களம், பாடசாலைகளில் நடந்த ஏழு நற்பண்புத் திட்டங்களைப் பரிசோதித்து வெளியிட்ட அறிக்கையும், மொத்தத்தில் பிள்ளைகளின் நடத்தையில் அவை முன்னேற்றம் எதையும் காட்டவில்லை என்றுதான் சொன்னது. அந்த ஊர்ப் பிள்ளைகள் வேறு, எங்கள் பிள்ளைகள் வேறு என்று தள்ளிவிடலாம். ஆனால் தேவாரம் பிழையில்லாமல் பாடிவிட்டு வந்து பக்கத்துப் பிள்ளையின் அழிறப்பரைச் சுருட்டும் கையை நான் இங்கேயே பார்த்திருக்கிறேன்.

ஆகவே ஒரு குணத்தைப் பொதுவாக எடுக்காதீர்கள். ஓர் இடத்தில், ஒரு செயலில் எடுங்கள். 'நேர்மை' என்று வேண்டாம், 'எடுத்த பொருளுக்குக் காசு போடுவது' என்று எடுங்கள். 'மரியாதை' என்பதற்குப் பதிலாக 'குழாயடியில் சின்னவர் முதலில்'. முதல் தவணைக்கு ஒன்று போதும். உங்கள் சின்னக் கொப்பியில் திரும்பத் திரும்ப வந்தது எதுவோ அதை எடுங்கள்.

திறந்த பெட்டி

நான் முதலில் எடுத்தது நேர்மை. அதை விபரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் பிழை விட்டுத்தான் படித்தேன்.

ஒரு பழைய பிஸ்கற் ரின். 30 ரூபாய்ப் பேனை பத்து, 25 ரூபாய்ப் பென்சில் பத்து, 30 ரூபாய் அழிறப்பர் ஐந்து, 5 ரூபாய்ப்படி நாற்பது ஒற்றைத் தாள். 900 ரூபாய்ச் சாமான், வாங்கிய விலைக்கே விற்பது. மாற்றக் காசு 100 ரூபாய் ஒரு சின்னப் போத்தலில். மொத்தம் என் காசு 1,000 ரூபாய். மூடிக்கு உட்பக்கம் விலை ஒட்டினேன். பூட்டு இல்லை, பொறுப்பாள் இல்லை. பேனை முடிந்தவர் எடுத்துவிட்டுக் காசு போடலாம். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் இரண்டு பிள்ளைகள் எண்ணுவார்கள், ஒவ்வொரு கிழமையும் வேறு இருவர்.

முதல் வெள்ளி எண்ணினோம். 310 ரூபாய்ச் சாமான் போயிருந்தது. போத்தலில் 410 இருக்க வேண்டும், 345 இருந்தது. 65 ரூபாய் குறைவு. எண்ணிய பிள்ளையின் முகம் அவளே களவெடுத்ததுபோல ஆகிவிட்டது. நான் கரும்பலகையின் மூலையில் '65 குறைவு' என்று எழுதினேன். வகுப்பு துள்ளி எழும்பியது.

"சேர், பையைச் செக் பண்ணுங்கோ."

"மொனிற்றரிட்டத் திறப்புக் குடுங்கோ சேர், பூட்டி வைப்பம்."

"கமெரா பூட்டலாம் சேர்."

இந்த இடத்தில்தான் உங்கள் கை துடிக்கும். பையைச் சோதிக்காதீர்கள். யார் என்று கேட்காதீர்கள். குறைந்த காசை உங்கள் பையிலிருந்து போட்டுச் சமப்படுத்தவும் வேண்டாம், குறைவு குறைவாகவே கிடக்கட்டும். நான் கேட்டது ஒன்றுதான்: "களவெடுக்காமலே இந்தப் பெட்டியில காசு குறையிறதுக்கு என்ன வழி இருக்கு?" பத்து நிமிடம் பேசினார்கள். மாற்றக் காசு பிழையாக எடுத்திருக்கலாம். பிறகு போடுவோம் என்று மறந்திருக்கலாம். கடைசியில் ஒரு பொடியன், தான் செவ்வாய்க்கிழமை பேனை எடுத்ததாகவும் 'நாளைக்கு' என்று நினைத்ததாகவும் தானே சொன்னான். திங்கட்கிழமை போத்தலில் 40 ரூபாய் கூடியிருந்தது: ஒரு பேனையும் இரண்டு ஒற்றையும். மிச்சம் 25 ரூபாய், அதாவது ஒரு பென்சில், இன்றுவரை வரவில்லை. பரவாயில்லை.

அவர்களாகவே ஒரு விதி செய்தார்கள்: கையில் காசில்லாதவர் கடன் கொப்பியில் பெயர் எழுதிவிட்டு எடுக்கலாம், வெள்ளிக்குள் போட வேண்டும். நல்ல விதிதான் என்று நானும் தலையாட்டினேன். அங்கேதான் என் பிழை. நான்கு கிழமை தொடர்ந்து ஒரே பெயர் அந்தக் கொப்பியில் வந்தது. தகப்பனுக்குக் கடல் தொழில் இல்லாத காலம். எண்ணும் பிள்ளைகள் வாசிக்க, வகுப்பே அறிந்துவிட்டது. நேர்மையாகப் பெயர் எழுதிய பிள்ளைதான் வெட்கப்பட வேண்டி வந்தது. எழுதாமல் எடுத்தவனுக்கு ஒன்றுமில்லை. மறுநாளே கொப்பியை எடுத்துவிட்டு, மடித்துப் போடும் துண்டாக மாற்றினேன். அதை நான் மட்டும் பிரிப்பேன். காசில்லாத பிள்ளைக்கு மாதம் இரண்டு பேனை 'வகுப்புக் கணக்கில்' என்று எல்லோருமாகப் பிறகு தீர்மானித்தோம், பெயர் சொல்லாமல்.

நீங்கள் தொடங்கும்போது நினைவில் வைக்க வேண்டியவை கொஞ்சம். திரும்பி வராவிட்டாலும் தாங்கக்கூடிய காசை மட்டும் போடுங்கள். அதிபரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், ஏனென்றால் பாடசாலைக்குள் ஆசிரியர் விற்பனை செய்கிறார் என்ற கதை கிளம்ப அதிக நேரம் எடுக்காது. ரொபி, பிஸ்கற் வைக்காதீர்கள், பசியோடு விளையாடக் கூடாது. முதல் முழுவதும் கரைந்தால் ஒரு கிழமை பெட்டியை மூடி வைத்துவிட்டு, அந்த ஒரு கிழமையும் பேனை இல்லாமல் என்ன செய்தார்கள் என்று பேசச் சொல்லுங்கள். எனக்கு அது ஒருமுறை நடந்தது, தரம் 9இல். மூன்றாம் தவணை தொடங்கி இரண்டாம் கிழமையே வெறும் ரின். திரும்பத் திறந்தபோது காசு சேர்த்துத் தந்தது அவர்கள்தான்.

வேலையைத் தண்டனை ஆக்காதீர்கள்

பிந்தி வந்தால் கூட்டு, கதைத்தால் குப்பை பொறுக்கு. இதைத்தான் பரம்பரையாகச் செய்கிறோம். பிறகு சிரமதானம் என்றால் பிள்ளை ஏன் ஒளிக்கிறது என்று கேட்கிறோம். தும்புத்தடியைத் தொட்டால் குற்றவாளி என்று பழக்கியது நாங்கள்.

வகுப்பு வேலைகளைப் பட்டியல் போடுங்கள்: கூட்டுவது, கரும்பலகை துடைப்பது, ஜன்னல் பூட்டுவது, குடிதண்ணீர்ப் போத்தல் நிரப்புவது, பூக்கன்றுக்கு ஊற்றுவது. முறை வைத்து எல்லோருக்கும் எல்லாம் வர வேண்டும். ஆண் பிள்ளை கூட்டவும் பெண் பிள்ளை மேசை தூக்கவும் வேண்டும். "என்ர பிள்ளையைக் கூட்ட விடுறீங்களாம்" என்று ஒரு தாய் வந்தால், அதே நாளில் உங்கள் முறை இருந்தால் நல்லது. என் பெயரும் அந்தப் பட்டியலில் இருக்கும், புதன்கிழமை, கரும்பலகை.

மாரி மழை தொடங்கினால் டெங்கு வேலை தானாக வந்துவிடும். கார்த்திகை, மார்கழியில் ஐந்து பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, சிரட்டை, யோகட் கோப்பை, பீலிக்குள் அடைத்த சருகு என்று ஆளுக்கொரு மூலையைக் கொடுங்கள். 'வளாகத்தைச் சுத்தம் செய்யுங்கள்' என்றால் எல்லோரும் ஈர்க்குமாற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். 'கிணற்றடி மூலை உங்களுடையது' என்றால் அந்த மூலையில் நுளம்புக் குடம்பி கண்டால் அவர்களுக்கே ரோசம் வரும்.

சாரணர் குழு உள்ள பாடசாலையானால் உங்கள் வகுப்பிலிருந்து பிள்ளைகளை அனுப்புங்கள். சாரணர் வேலை வாரத்தில் வீடு வீடாகப் போய், முற்றம் கூட்டியோ சைக்கிள் கழுவியோ உழைத்துக் காசு வாங்கும் அனுபவத்தை ஒரு பாடவேளையில் என்னால் கொடுக்க முடியாது.

பிழை நடந்த பிறகு

தரம் 8 பொடியன் ஒருவன் ஒரே நாளில் நான்கு சைக்கிள்களின் காற்றைத் திறந்துவிட்டான். அதில் ஒன்றின் சொந்தக்காரி, ஒன்றரை மணி வெயிலில் மூன்று கிலோமீற்றர் சைக்கிளை உருட்டிக்கொண்டு போயிருக்கிறாள். மறுநாள் தாய் வந்து சத்தம். பொடியன் பிடிபட்டான்.

"ஏன் செய்தனீர்?" என்று கேட்காதீர்கள். "சும்மா சேர்" என்பதற்கு மேல் ஒன்றும் வராது. ஆளைத் தனியாக இருத்தி, நான்கு கேள்விகளை இந்த ஒழுங்கில் கேளுங்கள். என்ன நடந்தது? அப்ப உமக்கு என்ன நினைப்பு? அதால யாருக்கு என்ன இடைஞ்சல்? இனி எப்பிடிச் சரிப்படுத்தப் போறீர்? மூன்றாம் கேள்வியில்தான் நேரம் எடுக்கும். அவன் "காற்றுப் போச்சு" என்றான். "பிறகு?" என்றேன். "உருட்டியிருப்பா." "எவ்வளவு தூரம்?" அவனுக்குத் தெரியவில்லை. அவளிடமே கேட்டு வரச் சொன்னேன். கேட்டு வந்தவனின் குரல் இறங்கியிருந்தது.

நான்காம் கேள்விக்கு அவனே சொன்னான், தகப்பனின் பம்பைக் கொண்டுவந்து இரண்டு கிழமை காலையில் யார் கேட்டாலும் காற்றடிப்பதாக. ஏழேகாலுக்கு வந்து நின்றான். முதல் இரண்டு நாள் பொடியன்கள் பகிடி பண்ணினார்கள். பிறகு வரிசை வந்தது, தரம் 6 சின்னன்கள், ஒருநாள் நான்கூட என் மோட்டார் சைக்கிளைக் காட்டிச் சிரித்தேன். மூன்றாம் கிழமை கெடு முடிந்தும் பம்போடு நின்றான். இதைக் கேட்டுவிட்டு எல்லாம் சுபம் என்று நினைக்க வேண்டாம். அந்தப் பிள்ளை அவனை மன்னிக்கவில்லை. "என்னோட கதைக்காட்டிச் சரி" என்றாள். மன்னிக்கும்படி அவளை நான் கேட்கவும் இல்லை. அவள் விருப்பம் அது.

பிழையைப் பொதுப் பிரார்த்தனையில் மேடையேற்றாதீர்கள். மன்னிப்புக் கடிதம் நூறுதரம் எழுதுவிப்பதால் கையெழுத்துக்கூடத் திருந்தாது.

பாடத்துக்குள்ளே

'நேரம் இல்லை, சிலபஸ் முடியாது' என்பது நியாயமான கவலை. தனிப் பாடவேளை கேட்காதீர்கள், கிடைக்காது. தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டிகளில் முன்பக்கங்களை எல்லோரும் புரட்டிவிட்டுப் போவோம். பொதுத் தேர்ச்சிகள் என்று ஏழு அங்கே இருக்கும்: தொடர்பாடல், ஆளுமை விருத்தி, சூழல், வேலை உலகு, சமயமும் ஒழுகலாறும், ஓய்வும் விளையாட்டும், கற்றலுக்குக் கற்றல். கணிதம், விஞ்ஞானம் என்று பாடம் எதுவானாலும் இந்த ஏழும் அதற்குரியவைதான். மேற்பார்வைக்கு வருபவர் பெட்டியைப் பற்றிக் கேட்டால் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள்.

நான் கணிதம். எனக்குக் கிடைத்த நல்ல வாய்ப்பு விடைத்தாள் திருப்பிக் கொடுக்கும் நாள். "புள்ளி கூட்டினதில பிழை இருந்தால் வாங்கோ, குறைஞ்சாலும் கூடினாலும்" என்பேன். குறைந்தவர்கள் ஓடி வருவார்கள். ஒரு தவணை ஒரு பிள்ளை, "சேர், 4 புள்ளி கூடப் போட்டிட்டியள்" என்று வந்தது. குறைப்பதா, விடுவதா? குறைத்தால் இனி யாரும் வர மாட்டார்கள் என்பார்கள். விட்டால் அது உண்மைக்குக் கொடுக்கும் சம்பளம் ஆகிவிடும். நான் குறைத்தேன், "நன்றி, என்ர பிழையைத் திருத்தினதுக்கு" என்று சொல்லிவிட்டு. உங்களுக்கு வேறு மாதிரித் தோன்றலாம். எதுவானாலும் முதல்நாளே தீர்மானித்துச் சொல்லிவிடுங்கள், ஆள் பார்த்து மாற்றாதீர்கள்.

வீடும் பழைய மாணவர்களும்

பெற்றோர் கூட்டத்தில் நற்பண்பு பற்றிப் பேச்சு வைக்காதீர்கள். தரம் 5 புலமைப்பரிசிலில் தொடங்கிய ஓட்டம் அவர்களுக்கு இன்னும் நிற்கவில்லை. ரியூசனுக்குக் கொண்டுபோய் விட்டு, திரும்ப ஏற்றி, களைத்துப் போய் வந்திருப்பார்கள். ஒவ்வொருவரிடமும் அவர்கள் பிள்ளை செய்த ஒரு நல்ல காரியத்தைச் சொல்லுங்கள், நாளும் இடமும் வைத்து: "போன செவ்வாய் குழாயடியில சின்னப் பிள்ளைக்கு இடம் விட்டவர்." புள்ளிக்காகவே பேச்சு வாங்கிப் பழகிய தாய் அதைக் கேட்டுவிட்டு என்ன சொல்வது என்று தெரியாமல் நிற்பார்.

பழைய மாணவர் சங்கத்திலிருந்து, லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருந்து, பொன்மொழிப் பலகை போட்டுத் தருகிறோம் என்று அழைப்பு வரும். பொன்மொழியைவிட அன்பளிப்புச் செய்தவர் பெயர் பெரிதாக இருக்கும் பலகைகள் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன. குழாய் இரண்டு கூடப் பூட்டித் தரச் சொல்லுங்கள். குழாயடிச் சண்டையில் பாதி குணத்தால் வருவதில்லை. முந்நூறு பிள்ளைக்கு நான்கு குழாய் இருந்தால் யாரும் தள்ளத்தான் செய்வார்கள்.

குணம் என்று நினைத்து ஏமாறாமல்

திடீரென்று முரடாகும் பிள்ளை, தூங்கி விழும் பிள்ளை, காசு களவெடுக்கத் தொடங்கும் பிள்ளை. இவர்களுக்குப் பெட்டியும் வேண்டாம், நான்கு கேள்வியும் வேண்டாம். பசியாக இருக்கலாம், வீட்டில் அடியாக இருக்கலாம், அதைவிட மோசமாக இருக்கலாம். பாடசாலை வாசலடியில் மாவா என்ற போதைப்பொருள் விற்கும் ஆளும் இருக்கலாம். முதலில் பாடசாலையின் வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியரிடம் சொல்லுங்கள், அதிபரிடம் சொல்லுங்கள். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம் 1929, எந்நேரமும் எடுக்கலாம். பிள்ளை உங்களிடம் ஏதாவது சொன்னால் "ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன்" என்று சத்தியம் பண்ணாதீர்கள். "உமக்கு உதவி செய்யக்கூடிய ஆளுக்கு மட்டும் சொல்லுவன்" என்று சொல்லுங்கள்.

தவணை முடிவில்

பிள்ளைகளின் குணத்துக்குப் புள்ளி போடாதீர்கள், 'நற்பண்பு மாணவர்' என்று கேடயமும் வேண்டாம். கேடயம் வாங்கியவன் அதைக் காப்பாற்ற நடிப்பான், வாங்காதவன் 'எனக்கென்ன' என்பான். அதற்குப் பதிலாக அந்தச் சின்னக் கொப்பியை எடுத்துக்கொண்டு அதே ஐந்து இடங்களுக்குத் திரும்பப் போங்கள். ஆசிரியர் வராத பாடவேளையில் என்ன சத்தம்? குழாயை யாராவது மூடினார்களா? பழைய பக்கத்துக்கு எதிர்ப் பக்கத்தில் எழுதுங்கள். மாற்றம் ஒன்றுமில்லை என்றால் அதையும் எழுதுங்கள். அடுத்த தவணை இடத்தையோ செயலையோ மாற்றலாம்.

இன்னொன்று. இடமாற்றம் எப்போதும் வரும், பெரும்பாலும் வேலை சூடு பிடிக்கும் நேரத்தில் வரும். உங்கள் கையில்லாமல் நடக்கிற மாதிரி முதலிலேயே ஒழுங்கு பண்ணுங்கள்: வேலைப் பட்டியலை மொனிற்றர் எழுதட்டும், பெட்டிக்குச் சாமான் வாங்க இரண்டு பிள்ளைகள் கடைக்குப் போகட்டும். பெட்டிக்குப் பூட்டு இல்லாவிட்டாலும் அது இருக்கும் அலுமாரிக்கு உண்டு. நான் போன வருடம் மாறும்போது திறப்பை யாரிடம் கொடுத்தேன் என்று எழுதி வைக்க மறந்துவிட்டேன். புதிதாக வந்த ரீச்சர் மூன்று கிழமை தேடியிருக்கிறார். திறப்பு அந்தப் பம்புப் பொடியனிடம் இருந்தது. கேட்டால் கொடுத்திருப்பான், யாரும் கேட்கவில்லை.